தொட்டிலும் நாயும் ஆடி மழையும்

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் தேவர்சோலையில் அம்மியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தகரக் கூரை இருந்த இடத்தில் இருக்குமா என்பதுதான் கவலை!

நீலகிரி என்றதும் உங்களுக்கு ஊட்டி ஏரியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது மலையின் மேற்கு ஓரம். கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகிற சாலை. குன்னூர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. எங்களுக்கு ஆனி, ஆடியிலேயே கேரளத்துப் பக்கமிருந்து வந்து கொட்டும். 2019 ஆகஸ்டில் இந்த மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்வதே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இப்படிப்பட்ட ஆடியில்தான், மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஈரோட்டில் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். வாசலில் ஆரத்தித் தட்டோடு மாமியார் நின்றார். அவருக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு மணி நின்றான்.

வீட்டுக்கு மூத்த பிள்ளை

மணி நாட்டு நாய். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இந்த வீட்டில் இருந்தவன். "அவன் உனக்கு மூத்தவம்மா, மரியாதையா நடந்துக்கோ" என்று மாமியார் கேலி செய்வார்.

எங்கள் பக்கத்தில் நாய் வளர்ப்பது அழகுக்காக அல்ல. பலாப்பழ வாசனைக்கு யானை வரும். யானை வந்தால் முதலில் சொல்வது நாய்தான். ஆனால் சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை. ஆகவே இருட்டிய பிறகு நாயை வெளியே விடமாட்டோம். மூடிய திண்ணையில் சாக்கு விரித்துப் படுக்கவைப்போம். குழந்தை வந்த வீட்டில் இது சரிப்படுமா என்று எனக்கு உள்ளூர பயம். "நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்று அம்மாவும் போனில் சொன்னாள்.

இவர் (என் கணவர்தான்!) கேட்கவில்லை. நான் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே குழந்தை போர்த்திய துணி ஒன்றை வாங்கி வந்து மணியை முகரவிட்டிருந்தார். நான் வந்த அன்று முதலில் குழந்தையில்லாமல் போய் அவனைத் தட்டிக்கொடுத்தேன். அப்புறம்தான் குழந்தையைத் தூரத்திலிருந்து காட்டினோம். குழந்தை மடியில் இருக்கும்போது மட்டும் நாயை அதட்டி விரட்டினால், அதற்குக் குழந்தை மேல்தான் கடுப்பு வருமாம். அதனால் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில்தான் அவனுக்குச் சோறும் கொஞ்சலும். ஒரு வாரத்தில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

மூன்று நாள் அடைமழை

அந்த வாரம் மழை பிடித்தது. முதல் நாளே கரண்ட் போயிற்று. குழந்தையின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. அடுப்பங்கரையில் கயிறு கட்டி, அடுப்புக்கு எட்டாத உயரத்தில் உலர்த்தினோம். சமையல் தண்ணீரும் குடிநீரும் கொதிக்கவைத்து ஆறவைத்தோம். தாய்ப்பால் கொடுப்பவளுக்கு மழைக்காலத்தில் ஒரு நிம்மதி: புட்டி கழுவும் கவலை இல்லை, தண்ணீர் கலங்கும் கவலையும் இல்லை.

குளிருக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்து அறைக்குள் வைப்பது மலையில் பழைய வழக்கம். தயவுசெய்து குழந்தை தூங்கும் அறையில் செய்யாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே உயிரிழக்க நேரும்.

அதைவிட நல்ல வழி மாமியாருக்குத் தெரிந்திருந்தது. குழந்தையைச் சட்டையில்லாமல் என் மார்போடு அணைத்து, மேலே சேலையையும் கம்பளியையும் சுற்றிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் சில்லிட்ட பாதம் வெதுவெதுப்பாகிவிட்டது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே எடை குறைந்த குழந்தைகளுக்கு இதே முறையைத்தான் தொடங்கினார். இன்று உலகமெங்கும் அதற்குக் 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர். நம் பாட்டிமார்களுக்கு அது வெறும் அணைப்பு!

ஒரு நிமிஷத்தில் நடந்தது

மூன்றாம் நாள் இரவு எட்டு மணி இருக்கும். இவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்டு. மாமியார் அடுப்படியில். குழந்தை சேலைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒழுகுகிற இடத்தில் வாளி நிரம்பிவிட்டதே என்று மாற்றிவைக்க எழுந்துபோனேன். திண்ணைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று முறிந்து தகரத்தின் மேல் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நானே அலறிவிட்டேன். மணி என்ன செய்வான்? வெறிபிடித்த மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, ஒளிய இடம் தேடித் தூளிக்குக் கீழே பாய்ந்தான். தூளி ஆடிற்று. குழந்தை வீறிட்டது. விளக்கைத் தூக்கிப் பார்த்தால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கெண்டைக்காலில் ஒரு விரல் நீளத்துக்கு நகக்கீறல்; கடுகளவு ரத்தம்.

மாமியார் காப்பிப் பொடி டப்பாவோடு ஓடிவந்தார். "இதை வெச்சு அமுக்கும்மா, ரத்தம் நின்னுடும்!"

எனக்குக் கை நடுங்கியது. ஆனால் கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கு வந்த நர்சம்மா சொன்னது மட்டும் மறக்கவில்லை: "நாய் கடிச்சாலும் கீறினாலும் முதல் மருந்து சோப்பும் தண்ணியும்தான். பதினஞ்சு நிமிஷம்." மாமியாரைச் செம்பில் வெதுவெதுப்பான நீரை எடுத்து ஊற்றச் சொன்னேன். சோப்புப் போட்டு, ஊற்றி, மறுபடி போட்டு, ஊற்றி... கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பதினைந்து நிமிஷம். குழந்தை அழுதது, நானும் அழுதேன். மணி கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டு நாய்தானே?

இவர் வந்ததும் விவாதம் ஆரம்பமாயிற்று. "நம்ம மணிதானே! ஊசி போட்டிருக்கோமே" என்றார். ஆணியில் தொங்கிய மணியின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஊசி போட்டு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. வளைகாப்பு, பிரசவம், பேர் வைத்தல் என்ற சந்தடியில் அந்த வருஷத்து ஊசியை எல்லோருமே மறந்துவிட்டோம். யாரைக் குறை சொல்ல?

மாமியாரின் பயம் வேறு. "பால்மணம் மாறாத பிள்ளைக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியா? நான் விடமாட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சிறுவயதில் பக்கத்து வீட்டுப் பையன் அப்படி ஊசி போட்டுக்கொண்டு துடித்ததைப் பார்த்தவர். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனாலும் நான் பிடிவாதமாக நின்றேன். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. நாய் தன் காலை நக்கும். அந்த நகம் கீறினால் கிருமி உள்ளே போகலாம். நோயின் அறிகுறி தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தெரிந்துவிட்டாலோ, அப்புறம் பிழைப்பது அரிதிலும் அரிது. முன்னதாகப் போடும் ஊசிதான் காப்பாற்றும். இதில் 'பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

விடிந்ததும் ஜீப்பில் கிளம்பினோம். வழியில் மரம் விழுந்து சாலை அடைத்துக் கிடந்தது. எங்கிருந்தோ அரிவாளும் கோடாலியுமாக நாலைந்து பேர் வந்தார்கள். குழந்தையைப் பார்த்ததும் வேலை மளமளவென்று நடந்தது. ஒரு மணி நேரத்தில் வழி திறந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்தார். "காப்பிப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கலியே? கெட்டிக்காரி" என்றார். ரத்தம் வந்த கீறல் என்பதால், கீறலைச் சுற்றி எதிர்ப்புச் சீரம், அதோடு தடுப்பூசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தேதி போட்டு அட்டை கொடுத்தார். கைக்குழந்தைக்குத் தொடையில்தான் ஊசி. நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார். நாய் நன்றாக இருக்கிறதே என்று ஊசியை நாமாக நிறுத்தக்கூடாதாம்; தன்னைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும் என்றார்.

"தொப்புள் ஊசி எப்போங்க?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் 2004-ஓடு நிறுத்தியாயிற்று என்று சொன்னபோதுதான் மாமியாருக்கு உயிர் வந்தது.

குன்னூர் செய்த உபகாரம்

இந்த ஊசிக்கும் நம் மலைக்கும் பழைய உறவு உண்டு. 1885 ஜூலை மாதம், வெறிநாய் கடித்த தன் 9 வயது மகன் ஜோசப் மெய்ஸ்டரை அழைத்துக்கொண்டு ஒரு தாய் பாரிஸுக்குப் போய் லூயி பாஸ்டரின் முன் நின்றாள். பாஸ்டர் விஞ்ஞானி, வைத்தியர் அல்ல. மனிதருக்கு அதுவரை முழுமையாகப் போட்டுப் பார்க்காத மருந்து. தயங்கித் தயங்கி, ஒரு டாக்டரைக் கொண்டு 13 ஊசிகள் போடவைத்தார். பையன் பிழைத்தான்.

அதற்குப் பதினேழு வருஷத்துக்குப் பிறகும் தென்னிந்தியாவில் அந்த மருந்து கிடைக்கவில்லை. ஊசிக்கு வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போகவேண்டும். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநோய்க்குப் பலியானார். அந்தச் சாவு பலர் மனத்தைச் சுட்டது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு பகுதி தெற்கே வந்தது. 1907-இல் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே, பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

அந்த நிலையம் நாய்க்கடி மருந்து மட்டும் செய்யவில்லை. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து நம் குழந்தைகளுக்குப் போடுகிற முத்தடுப்பு மருந்தையும் தயாரித்து வந்திருக்கிறது. நாய்க்குப் பயந்து ஆரம்பித்த இடம், தொட்டிலையும் காக்கிற இடமாயிற்று!

நீங்கள் மறக்கக்கூடாதவை

1. எவ்வளவு சாதுவான நாயானாலும் குழந்தையோடு தனியே விடாதீர்கள், ஒரு நிமிஷம்கூட. நான் வாளி மாற்றப் போன நேரம் அவ்வளவுதான்.

2. இடி, காற்றுச் சத்தம் நாயைக் கதிகலங்கவைக்கும். மழை பிடிக்கும் முன்பே அதற்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலை ஒதுக்கி, நடுவே கதவைத் தாழிடுங்கள். ஒளிந்திருக்கும் நாயை இழுக்காதீர்கள், அடிக்காதீர்கள்.

3. தூளியை நாய்க்கு எட்டும்படி தாழ்வாகக் கட்டாதீர்கள்.

4. நாய் கடித்தாலோ, கீறினாலோ, புண்ணிலோ வாயிலோ நக்கினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். கட்டு வேண்டாம், பொடி வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்.

5. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்த ஊசி போடலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

6. நாய்க்கு வருஷாவருஷம் தவறாமல் ஊசி போடுங்கள்.

7. மலையில் இருப்பவர்கள் டார்ச், இரண்டு நாள் துணி, மருந்து, அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் தயாராக வையுங்கள். ஆம்புலன்சுக்கு 108, மரம் விழுந்தால், மண் சரிந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

ஒரே ஆணி

பத்து நாளும் மணி கட்டிலேயே கிடந்தான். தினமும் சோறு வைத்துவிட்டு, அவன் தின்கிறானா, தண்ணீர் குடிக்கிறானா என்று மாமியார் எட்டி எட்டிப் பார்ப்பார். பத்தாம் நாள் அவன் ஒரு தட்டுச் சோற்றைக் காலி செய்துவிட்டு வாலாட்டியதும், "பொழைச்சோம்டா!" என்றார். டாக்டர் சொன்னபடி நாலு ஊசியையும் முடித்தோம். மணிக்கும் போட்டாயிற்று.

இப்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையும் மணியின் அட்டையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அந்த ஏற்பாடு மாமியாருடையது. "ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணு ஞாபகம் வரும்ல?" என்கிறார்.

இதை எழுதும்போதும் வெளியே மழைதான். திண்ணைக் கதவு தாழிட்டிருக்கிறது. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் மணி குறட்டை விடுகிறான், இந்தப் பக்கம் குழந்தை. உங்கள் வீட்டு ஆணியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!