உப்பைத் திரும்பப் பிடிக்கும் ஊர்

பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின்னூட்டம். ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் இழையோடு போய்ச் சேரும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஏறக்குறைய அத்தனை உப்பும் கழிவுநீரில்தான் கிடக்கும்.

திருப்பூரில் பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் நொய்யல் ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாதவர்களே மறுபடி திறக்கலாம் என்றானது. கழிவையே மறுபடி பயன்படுத்தும், கம்பெனி அறிக்கைகளில் மினுங்கும் சுழற்சிப் பொருளாதாரம் இந்த ஊருக்குப் பூட்டு வழியாகத்தான் வந்தது.

தண்ணீரை மீட்பது சுலபமான பாதி. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ற பிறகு, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வுகள் பெரும்பகுதி நீரைப் பிரித்துத் தந்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கிய பட்டறைக்கு அதில் ஆதாயமும் உண்டு. சிக்கல், மிஞ்சும் உப்புக் கரைசலில். அதைக் கொதிக்கவைத்து வற்றவைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 290 கிலோஜூல் போதும். ஆவியாக்க மேலும் 2,260 வேண்டும். ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கிச் செலவைக் குறைக்கிறார்கள். ஆனாலும் பாய்லருக்கு விறகு வேண்டும். அந்தப் புகையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எந்த உப்பு என்பதும் இங்கே முக்கியம். கிளாபர் உப்பு எனும் சோடியம் சல்பேட்டின் கரைதிறன் 32 டிகிரிக்குக் கீழே சரசரவென்று இறங்கும். குளிரவைத்தால் படிகமாகப் பிரியும். அள்ளி மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம். சாதாரண உப்பு குளிருக்கு மசியாது. ஆக, கடைசியில் எவ்வளவு மீளும் என்பது முதல் உப்பு மூட்டையைப் பிரிக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேறு வழி பிடித்தது: உப்பைக் காயவைக்காமல், சுத்தம்செய்த உப்புக் கரைசலாகவே பட்டறைகளுக்குத் திருப்பி அனுப்புவது. அந்த அளவுக்கு விறகு மிச்சம்.

எப்படிச் செய்தாலும் சல்பேட், குளோரைடு, கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்த ஒரு கசடு கடைசியில் நிற்கும். கலவை உப்பு என்பார்கள். பிரிக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் மூட்டைகளாகக் கொட்டகைகளில் சேர்ந்திருக்கிறது. பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின்னூட்டம் ஏற்றி, உப்பின் தேவையையே குறைக்கும் வேதிமுறையும் உண்டு. செலவும், நிறம் திட்டுத்திட்டாக விழும் தொல்லையும்தான் அதைப் பட்டறைக்குள் விடாமல் நிறுத்தியிருக்கின்றன.