கணனிக்கு நாமே ட்ரைவர் போடும்போது

இரவு கடை பூட்டி வந்த பிறகு வீட்டுக் கணனியின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வியாபாரிகள் இன்று நம்மில் பலர். பகலில் பிள்ளைகள் பாடம் படிக்கும் அதே கணனியில்தான் கொள்முதல் விபரமும், யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கடன் பட்டியலும் இருக்கின்றன. ஒரு நாள் பிரின்டர் அசையாது, அல்லது இணையம் வராது. உடனே கணனி திருத்தும் தம்பி ஒருவரைக் கூப்பிடுகிறோம். அவர் பென் ட்ரைவ் ஒன்றைச் செருகி ஏதோ ஒன்றைப் போடுகிறார், வேலை நடக்கிறது, காசைக் கொடுத்து அனுப்புகிறோம். அவர் போட்டது என்ன, அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பதில்லை. கடைக்கு ஒரு மூடை அரிசி வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற நாம் இதை மட்டும் கேட்காமல் விடுவது சரியல்ல. இந்த வேலையை நாமே செய்து கொள்ளலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, நிதானம் வேண்டும்.

முதலில் ட்ரைவர் என்றால் என்ன என்று பார்ப்போம். சரக்கெடுக்கச் சீனாவுக்குப் போய் வந்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். குவாங்சோவிலோ ஈவூவிலோ மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தொழிற்சாலைக்காரரோடு பேச முடியாது. நாம் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை நமக்கும் சொல்ல ஒருவர் நடுவில் வேண்டும். கணனிக்குள் இந்த வேலையைச் செய்வதுதான் ட்ரைவர். விண்டோஸ் ஒரு பக்கம், பிரின்டர், வைஃபை, சத்தம், படம் காட்டும் பகுதிகள் மறு பக்கம். நடுவில் நிற்கும் இந்த மென்பொருள் இல்லாவிட்டால் புத்தம் புதிய பிரின்டரும் வெறும் பெட்டிதான்.

மொழிபெயர்ப்பாளர் நம் விலையை எதிராளிக்குச் சொல்லிக் கொடுப்பவராக இருந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான ட்ரைவர்கள் விண்டோஸின் அடிமட்டத்தில், ஏறக்குறைய முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. பெட்டகத்தின் சாவியைக் கையில் கொடுத்து வைத்திருப்பது போன்றது அது. ஆகவே கண்ட இடத்தில் கிடைக்கும் ட்ரைவரைப் போடுவது ஆபத்து. கூகுளில் தேடினால் மேலே வருவது பல வேளைகளில் விளம்பரம். "உங்கள் எல்லா ட்ரைவர்களையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறோம்" என்று சொல்லும் இலவச மென்பொருட்களின் பக்கமே போக வேண்டாம். அவற்றில் பல தேவையில்லாத சாமானைக் கணனிக்குள் இறக்குபவை, சில நேரடித் திருட்டு.

சரியான இடம் இரண்டுதான். ஒன்று விண்டோஸின் சொந்த அப்டேட், மற்றது கணனியை அல்லது பிரின்டரைத் தயாரித்த கம்பனியின் தளம். எச்.பி., டெல், லெனோவோ, எப்சன், கெனன் எல்லாரும் தங்கள் தளத்தில் இலவசமாகவே ட்ரைவர் தருகிறார்கள். தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து போக வேண்டும். லொறிக்கு உதிரிப்பாகம் வாங்கும்போது செசி நம்பரைச் சொல்வது போல, அங்கே மொடல் இலக்கத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். அது லெப்டொப்பின் அடிப்பக்கத்திலும் பிரின்டரின் பின்பக்கத்திலும் ஒட்டியிருக்கும்.

புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணனி என்றால் மொடல் இலக்கம் இராது. அப்போது 'டிவைஸ் மெனேஜர்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் அது கிடைக்கும். ட்ரைவர் இல்லாத பகுதிக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி தெரியும். அதில் வலது கிளிக் செய்து, ப்ரொபர்ட்டீஸ், பிறகு டீடெயில்ஸ், பிறகு 'ஹார்ட்வெயார் ஐடீஸ்' என்று போனால் நீளமான ஓர் இலக்கம் வரும். 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரையும், 'டெவ்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கும் பொருளையும் குறிக்கும். வென் பக்கம் 8086 என்றிருந்தால் அது இன்டெல். பெயர் ஒட்டாத பாகத்துக்கும் ஊர் பெயர் இப்படித் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்து வையுங்கள். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? செட்டிங்ஸில் சிஸ்டம், எபவுட் என்ற இடத்தில் எழுதியிருக்கும். 32 பிட் ட்ரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. நம் கடைகளில் காபன் பில் அடிக்கும் பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. பிரின்டர் இரும்பு போல் உழைக்கும், ஆனால் புதிய விண்டோஸுக்கு அதன் ட்ரைவர் இராது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பிரின்டரை இரும்புக் கடைக்குப் போடுமுன், பிரின்டர் சேர்க்கும் பட்டியலில் 'ஜெனரிக்' என்ற பெயரின் கீழ் உள்ள 'டெக்ஸ்ட் ஒன்லி' என்பதைப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கும். தமிழ், சிங்களம், கடைச் சின்னம் எல்லாம் வராது. ஆனாலும் பில்லுக்கு அது போதும் என்பவர்கள் பலர்.

புதிதாக விண்டோஸ் போட்ட கணனியில் வேறொரு சிக்கல் வரும். வைஃபைக்கு ட்ரைவர் இல்லை, அதை எடுக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இதற்கு வழி கையில் இருக்கும் தொலைபேசிதான். அன்ட்ரொய்ட் தொலைபேசியை வயரில் கணனியோடு இணைத்து, 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போட்டால் பெரும்பாலும் இணையம் வந்துவிடும். இல்லாவிட்டால் வேறு கணனியில் இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டு வரலாம்.

போடுவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது, கணக்குப் பைல்களை வெளியே ஒரு பிரதி எடுத்து, அந்தப் பென் ட்ரைவைக் கழற்றி வைப்பது. செருகியபடியே விட்டால் கணனிக்கு வரும் ஆபத்து அதற்கும் வரும். அந்தக் கடன் பட்டியல் நம் காசு மட்டுமல்ல. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற அமானிதம் அதில் இருக்கிறது. அது அழிந்தால், தந்தவரிடமே திரும்பக் கேட்கும் நிலை வரும். இரண்டாவது, 'ரீஸ்டோர் பொயின்ட்' ஒன்று போட்டு வைப்பது. ஏதும் பிழைத்தால் கணனியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும். விண்டோஸ் 10 வந்த பல கணனிகளில் இந்த வசதி நிறுத்தியே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே 'கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட்' என்று தேடி, சீ ட்ரைவுக்கு அதைத் திறந்து விட வேண்டும்.

போடுவது இலகு. கம்பனி தரும் பைல் தானே ஓடக்கூடியதாக இருந்தால் இரண்டு முறை கிளிக் செய்தால் சரி. பிரின்டர் என்றால் கேட்கும்வரை வயரைச் செருக வேண்டாம். சிப் பைலாகக் கிடைத்தால் முதலில் ஒரு போல்டருக்குள் விரித்துக் கொள்ளுங்கள். டிவைஸ் மெனேஜரில் அந்தப் பகுதியில் வலது கிளிக் செய்து 'அப்டேட் ட்ரைவர்', பிறகு 'பிரவுஸ் மை கொம்பியூட்டர்' என்று போய் அந்தப் போல்டரைக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் 'இன்ஃப்' பைலை விண்டோஸே படித்து எதை எங்கே வைப்பது என்று பார்த்துக் கொள்ளும். அப்போது, இதில் கையொப்பம் இல்லை, யார் செய்தது என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 64 பிட் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அடிமட்ட ட்ரைவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். அந்தக் காவலை நிறுத்திவிட்டுப் போடச் சொல்லித் தருபவர்கள் உண்டு. அவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.

இனி விண்டோஸ் அப்டேட். திருத்துகிறவர்களில் சிலர் உடைத்த விண்டோஸைப் போட்டு, அது காட்டிக்கொடுக்காமலிருக்க அப்டேட்டை அடியோடு நிறுத்திவிட்டுப் போகிறார்கள். களவுச் சாமான் என்ற பாவம் ஒருபுறமிருக்க, கதவையும் பூட்டாமல் போகிறார்கள் என்பதுதான் நமக்குப் பெரிய நட்டம். 2017 மே 12 அன்று பரவிய 'வன்னாக்ரை' என்ற வைரஸ் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளின் பைல்களைப் பூட்டி, 300 டொலர் கப்பம் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளே நோயாளர்களைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

டேட்டா செலவுக்குப் பயந்து அப்டேட்டை நிறுத்தியிருப்பவர்களுக்கும் வழி உண்டு. 'மைக்ரோசொஃப்ட் அப்டேட் கெடலொக்' என்ற தளத்தில் ஒவ்வொரு அப்டேட்டும் 'கே.பி.' என்று தொடங்கும் இலக்கத்தோடு இருக்கிறது. ஒருமுறை இறக்கினால் வீட்டுக் கணனி, கடைக் கணனி எல்லாவற்றுக்கும் போடலாம், அவற்றில் ஒரே பதிப்பு விண்டோஸ் இருந்தால். 64 பிட்டுக்கு 'எக்ஸ் 64' என்றிருப்பதை எடுக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மாதாந்த அப்டேட் முன்னையவற்றையும் சேர்த்தே வருவதால் பெரும்பாலும் கடைசியாக வந்தது போதும். 'இந்தக் கணனிக்குப் பொருந்தாது' என்று வந்தால் பதட்டப்பட ஒன்றுமில்லை. பதிப்பு மாறியிருக்கும், அல்லது ஏற்கெனவே போட்டிருக்கும்.

அதற்காக வந்த அன்றே பாய்ந்து போடவும் வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய பிழையான ஒரு சிறு பைலால் உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் பறக்கவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கணனியாகப் போய்க் கையால் அந்தப் பைலை அழிக்க வேண்டியிருந்தது. சாதாரண மாதாந்த அப்டேட்டுக்கு ஒரு வாரம் பொறுப்பது என் வழக்கம். ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்ற அவசர அப்டேட் என்றால் பொறுப்பதில்லை. பெருநாள் வியாபாரம் நடக்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வியாபாரம் குறைந்த ஒரு நாளில், இஷா தொழுது வந்து ஆறுதலாகச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் கணனி எழும்பாமல் போகலாம். 2022 மின்வெட்டுக் காலம் யாருக்கும் மறந்திராது. டெஸ்க்டொப் என்றால் யூ.பி.எஸ். வேண்டும், லெப்டொப் என்றால் சார்ஜரில் இருக்க வேண்டும். பயோஸ் அப்டேட் என்பதை மட்டும் தெளிவான காரணமில்லாமல் போட வேண்டாம்.

விண்டோஸ் 10 பாவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான வழமையான ஆதரவு முடிந்தது. பதிந்து கொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை என்று மேலதிகத் தவணை கொடுக்கப்பட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணனிக்கும் ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அடுத்த கணனி, முக்கியமாகப் பாவித்த கணனி, வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

போட்ட ட்ரைவர் சரிவரவில்லையானால் டிவைஸ் மெனேஜரில் ப்ரொபர்ட்டீஸ், ட்ரைவர் என்ற பகுதியில் 'ரோல் பேக்' பட்டன் இருக்கிறது. அது மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய ட்ரைவர் இல்லை என்று அர்த்தம். அப்போது ரீஸ்டோர் பொயின்ட்டைப் பாவிக்கலாம். விண்டோஸ் அப்டேட் தொல்லை தந்தால் 'அப்டேட் ஹிஸ்டரி'யில் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்று போய், அந்தக் கே.பி. இலக்கத்தைப் பார்த்து மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் கழற்றலாம். இதற்காகவே நான் போடும் ஒவ்வொன்றினதும் இலக்கத்தையும் திகதியையும் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.