சுவரில் விரிந்த தென்கடல்

சுவரில் ஒட்டுவதற்கென்றே பூவும் கொடியும் அச்சிட்ட தாள்களை மேனாட்டார் பயன்படுத்துவதை அன்பர்கள் அறிவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கைவினைஞர் அதனினும் ஒருபடி மேலே சென்றனர். மலையும் கடலும் சோலையும் மாந்தருமாக, ஒரு தேயத்தின் காட்சியையே அறையின் சுவர்களில் விரித்துவிட்டனர்.

அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, 1804-ஆம் ஆண்டளவில் மாக்கோன் நகரத்து ஜோசப் டூஃபூர் வெளியிட்ட ‘பசிபிக் கடலின் காட்டு மக்கள்’ என்னும் தாள். வரைந்தவர் ஷார்வே என்னும் ஓவியர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி மரக்கட்டை செதுக்கி, 20 பட்டைகளாகக் கையால் அச்சிட்டனர். அவற்றை வரிசையாக ஒட்டினால் ஏறத்தாழப் பத்து மீட்டர் நீளும். காப்டன் குக் முதலியோரின் கடற்பயணச் செய்திகளே இதற்கு ஆதாரம். ஆயினும் இதில் காணும் தீவு மக்கள், பண்டைக் கிரேக்கச் சிலைகளைப்போல் ஆடை புனைந்து, கவலையின்றி ஆடிக் களிக்கின்றனர். 1779-இல் ஹவாய்த் தீவில் குக் மாண்ட நிகழ்ச்சியோ தொலைவில் சிறிதாகத் தெரிகிறது. செல்வர் வீட்டுக் கூடத்துக்கு இனிமை வேண்டும். உண்மை வேண்டியதில்லை போலும்!

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. நியூஸிலாந்தின் மாவோரி இனக் கலைஞர் லிசா ரெய்ஹானா ஆஸ்திரேலியாவில் இத்தாளைக் கண்டார். பசிபிக் மக்களின் உண்மைச் சாயலை அதில் அவர் காணவில்லை. பழைய தாளைக் கிழித்தெறியவுமில்லை. அதே சோலையையும் கடலையும் பின்னணியாக்கி, மாவோரியரையும் பிற தீவினரையும் நடிக்கச் செய்து, நகரும் படமாக்கினார். 2015-இல் ஆக்லாந்திலும், 2017-இல் வெனிஸ் கலைவிழாவிலும் அது காட்டப்பெற்றது.

அகன்ற திரையில் காட்சி மெல்ல நகர்கிறது. ஆடலும் பண்டமாற்றும் வருகின்றன, கசையடியும் வருகிறது, குக்கின் மரணமும் வருகிறது. ‘வீனஸைத் தேடி’ என்ற தலைப்பின் பின்னே ‘தொற்றுண்டது’ என்றொரு சொல்லையும் சேர்த்திருக்கிறார். கப்பல்கள் கொணர்ந்த நோய்களை நினைவூட்டும் சொல் அது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் சிந்திக்க இடமுண்டு. நம்மைப்பற்றி அயலார் தீட்டும் சித்திரம் அழகாகவே இருக்கலாம். அதனாலேயே அது நாமாகிவிடாது. பிறந்த ஊரை அறியாத நம் குழந்தைகளுக்கு அதனைச் சொல்லும் கடமை நம்முடையது. சொல்லும்போது இனியதை மட்டும் தெரிந்தெடுத்தால், நாமும் சுவர்த்தாள் ஒட்டியவராவோம். திருவிழாவோடு வறட்சியையும், உறவோடு பிரிவையும் சேர்த்துச் சொல்வோமாக.