காலியா, திருகோணமலையா?

இலங்கையில் கடற்கரை விடுமுறைக்குத் திட்டமிடுகிறீர்களா? விடுதி தேடுமுன் பருவக்காற்றைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே திருகோணமலையிலும் நிலாவெளியிலும் அலை அடங்கியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ்.

இரண்டு ஊர்களிலும் கடலோரக் கோட்டை உண்டு. காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடங்க, ஒல்லாந்தர் கருங்கல்லோடு பவளப்பாறைக் கல்லும் சேர்த்து விரித்துக் கட்டினார்கள். 1988இல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். மாலையில் மதில்மேல் காலாற நடக்கலாம்.

திருகோணமலையில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள். பின்னாளில் அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வந்தது. வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் மேய்வதைப் பார்க்கலாம். அதே வழியில் மேலே ஏறினால், கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் குன்றின் உச்சியில் இன்றைய கோணேசர் கோயில்.

கடலில் குளித்த கையோடு கோயிலுக்கும் போக நினைப்பவர்கள், அதற்கேற்ற மாற்றுடை ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.