கடல்வாழ் உயிர்களுக்குக் காவல்: அலுவலர் என்ன செய்வார், நீங்கள் என்ன செய்யலாம்?

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினால், ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் வெள்ளை வெளேரென்று உப்பளம் கண்ணில் படும். அதைத் தாண்டினால் கடல். "விழுப்புரம் மாவட்டம்னாலே நெல்லு, கரும்பு, மல்லாட்டைதானே" என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. நமக்கும் கடற்கரை இருக்கிறது, மீனவக் கிராமங்கள் இருக்கின்றன, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ஒரு பெரிய நீர்ப்பரப்பும் இருக்கிறது. அதுதான் கழுவெளி.

மரக்காணம், வானூர் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமாகவும் உலக அங்கீகாரம் பெற்றது. ஒரு பக்கம் ஏரிகளிலிருந்து வரும் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாக உப்பங்கழியில் ஏறி வரும் கடல் தண்ணீர். இரண்டும் கலப்பதால்தான் இங்கே மீன் குஞ்சு வளர்கிறது, அதைத் தேடிப் பறவை வருகிறது.

அறிவிப்பு வந்த பிறகு பலரும் கேட்கும் கேள்விகள் இவை: "இனிமே உள்ள போகலாமா? வலை போடலாமா? ஆபீசர் வந்து புடிச்சா என்ன பண்றது?" கேள்விகள் நியாயமானவை. இந்தக் கட்டுரை அவற்றுக்கான விளக்கம்.

கடல் பூங்கா என்றால் என்ன?

கழுவெளி சரணாலயம், கடல் தேசியப் பூங்கா இல்லை. தமிழ்நாட்டில் கடல் தேசியப் பூங்கா என்றால் அது மன்னார் வளைகுடாதான். ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை, கடற்புல், கடல்பசு, கடல் ஆமை, கடல் குதிரை எல்லாம் உள்ள இடம். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மன்னார் வளைகுடாவுக்கும் கழுவெளிக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றே: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. சரணாலயத்துக்குள் ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை, தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, தொடர அனுமதிக்க மாவட்ட ஆட்சியருக்கு வழி இருக்கிறது. தேசியப் பூங்காவில் அந்த வழி இல்லை. ஆகவே, நம்ம ஊர்ல அறிவிச்சிருக்கறது எது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

அலுவலரின் வேலையில் பாதி எழுத்து வேலை

மன்னார் வளைகுடாவில் பணியாற்றும் வனத்துறையினரின் நாள் படகில் தொடங்கும். ஒவ்வொரு தீவாகச் சுற்றி வருவார்கள். யாராவது தீவில் இறங்கியிருக்கிறார்களா, பவளம் வெட்டப்பட்டிருக்கிறதா, தடை செய்யப்பட்ட வலை கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் மீனவக் கிராமத்து இளைஞர்களும் உண்டு. நீரோட்டமும் காற்றும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிடிப்பதைவிடப் பிடித்த பிறகு வரும் வேலைதான் அதிகம். கடல் அட்டையை எடுத்துக்கொள்வோம். 2001 முதல் எல்லா வகைக் கடல் அட்டையும் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அட்டவணை ஒன்றில் உள்ள உயிரினத்தைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பக்கத்தில் இலங்கையில் உரிமம் வாங்கினால் கடல் அட்டை எடுக்கலாம். அதனால் இங்கிருந்து அங்கே கடத்தல் நடக்கிறது. தலைமுறையாக அதை எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்தத் தடை பெரிய அடி என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒரு படகில் மூட்டை பிடிபடுகிறது என்று வச்சுக்குவோம். எங்கே பிடித்தார்கள் என்பதை ஜிபிஎஸ் அளவோடு குறிக்க வேண்டும். எண்ணிக்கை, எடை எழுத வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். உலர்த்திய சரக்கு என்றால் அது எந்த உயிரினம் என்று நிபுணரிடம் சான்று வாங்க வேண்டும். பிடிபட்டவரையும் பொருளையும் தாமதமின்றி நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்கு நிற்காது. எல்லை தாண்டவே இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால், பதில் சொல்ல வேண்டியது அந்த ஜிபிஎஸ் அளவுதான்.

அலுவலருக்கு எழுத்து எவ்வளவு முக்கியமோ, உங்களுக்கும் அவ்வளவு முக்கியம். எப்படி என்று பார்ப்போம்.

அறிவிப்பு வந்தால் இரண்டு மாதம்

ஓர் இடத்தைச் சரணாலயமாக்கும் உத்தேச அறிவிப்பு வந்தால், 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் அந்தப் பகுதியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழில் பிரகடனம் வெளியிட வேண்டும். எல்லை எது என்று அதில் இருக்கும். நிலம், பாதை, மேய்ச்சல், மீன்பிடி என எந்த உரிமை உங்களுக்கு இருந்தாலும், பிரகடனம் வெளியான நாளிலிருந்து 2 மாதத்துக்குள் உரிய படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இழப்பீடு கேட்பதாக இருந்தால் அந்த விவரமும் வேண்டும்.

"எங்க தாத்தா காலத்திலேர்ந்து இங்கதான் மீன் புடிக்கிறோம், ஊருக்கே தெரியும்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, படகுப் பதிவுச் சான்று, பட்டா, பழைய ரசீது எது இருந்தாலும் நகல் எடுத்து இணையுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

கடற்பரப்பைச் சரணாலயத்தில் சேர்ப்பதென்றால் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லை வகுக்க வேண்டும். அந்தக் கடல் வழியாகப் படகு அமைதியாகக் கடந்து செல்லும் உரிமையும் பாதிக்கப்படாது.

படகைச் சோதனை போட்டால்

வனத்துறை அலுவலருக்கும், சார்பு ஆய்வாளர் அல்லது அதற்கு மேற்பட்ட பொறுப்பில் உள்ள காவல் அலுவலருக்கும் படகைச் சோதிக்கவும் பொருளைக் கைப்பற்றவும் அதிகாரம் உண்டு. தடுக்க வேண்டாம், தடுத்தால் அது தனிக் குற்றமாகிவிடும். ஆனால் நீங்கள் சில விஷயங்களைக் கேட்கலாம். அலுவலரின் பெயரையும் பதவியையும் கேளுங்கள். என்ன காரணம் என்று கேளுங்கள். மகஜரில் எழுதியிருப்பதைப் படிக்காமல், படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல், கையெழுத்துப் போடாதீர்கள். இடமும் நேரமும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமை.

வலையில் ஆமை சிக்கினால்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரையை நோக்கி வரும் காலம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆமைக்கு நுரையீரல் மூச்சு. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சுத் திணறிச் சாகும்.

வலையில் ஆமை உயிரோடு சிக்கினால் வலையை அறுத்தாவது கடலிலேயே விட்டுவிடுங்கள், பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கரைக்குக் கொண்டு வந்து வெட்டுவதும் விற்பதும் பெரிய குற்றம். "சொன்னா நம்ம மேலேயே கேஸ் போட்ருவாங்க" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பாக் விரிகுடாவில் வலையில் சிக்கிய கடல்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் பாராட்டும் கொடுத்திருக்கிறது என்பதை ஊரில் எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் விடுவிப்பதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அதுவும் ஓர் ஆவணம்தான்.

எந்தப் புகார் யாரிடம்?

கடற்கரையில் ஒரே அலுவலகம் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. தவறான இடத்தில் மனு கொடுத்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

• பறவை வேட்டை, ஆமை முட்டை திருட்டு, சரணாலய ஆக்கிரமிப்பு: வனத்துறை.

• விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், வந்து இழுவலை போடுவது, இரட்டைமடி வலை, 12 கடல் மைலுக்குள் சுருக்குமடி வலை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்கால மீறல்: மீன்வளத்துறை. இவை 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும்.

• கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் அனுமதியில்லாத கட்டடம்: மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடற்கரை மண்டல மேலாண்மைக் குழு.

• பதிவு பெறாத இறால் பண்ணை, அதன் கழிவுநீர்: கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டப்படி அமைந்த மாவட்டக் குழு. இதற்கும் ஆட்சியரே தலைவர்.

• கடலில் ஆபத்து, சந்தேகப் படகு: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

எங்கே கொடுப்பது என்று புரியாவிட்டால் திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மரக்காணம் பகுதிக்காரர்கள் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்தையும் அணுகலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100. புகாரில் நாள், நேரம், இடம், படகுப் பதிவு எண் இருந்தால் நடவடிக்கை சீக்கிரம் நடக்கும்.

வன உயிரினக் குற்றத்தில் துறை நடவடிக்கை எடுக்கவில்லை என்று தோன்றினால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். சட்டத்தின் 55-ஆவது பிரிவு இந்த உரிமையைச் சாதாரண குடிமகனுக்கும் தருகிறது.

இந்த வேலைக்கு நீங்களும் வரலாம்

விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரியிலோ திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியிலோ படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024-இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் சேர்க்கப்பட்டன. வனச்சரகராக வர விரும்பினால் வனத்தொழில் பழகுநர் தேர்வு, உதவி வனப் பாதுகாவலர் என்றால் குரூப் 1ஏ. வனத்தொழில் பழகுநர் பணிக்கு நடைத்தேர்வும் உண்டு: 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர். மீன்வளத்துறைப் பக்கம் போக விரும்புவோர் நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பைப் பார்க்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. போய் விசாரியுங்கள்.

மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவது மிகவும் நல்லது. சட்டத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். எந்த மாதத்தில் எந்த மீன் எங்கே வரும், வலையை எந்த வீட்டில் கடன் வாங்கி வாங்கினார்கள் என்பது அந்த ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டும் தெரிந்த அலுவலர் எதிரே நின்றால் பேச்சு சண்டையில் முடியாது.

இன்றைக்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படகுப் பதிவு, மீனவர் அட்டை, பட்டா மூன்றையும் எடுத்து, பெயரும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் இப்போதே திருத்த மனு கொடுங்கள். பிரச்சினை வந்த பிறகு காகிதம் தேடினால் கிடைக்காது.