சாம்பல் சொன்ன கணக்கு

ராஜபாளையத்துல பஸ் ஏறினா அரை மணி நேரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர். இறங்கினதும் மூக்கு பால்கோவா கடையைத் தேடும். பாலும் சர்க்கரையும் மட்டும்தான் சரக்கு. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. பால் புளித்தால் கோவா கெட்டது.

போன சித்திரையில், வீட்டுக்கு வரும் பால் சாயங்காலம் வரை வெளியில் இருந்தும் திரியவில்லை. "இதுல ஆப்ப சோடா போட்டிருக்காண்டா" என்றாள் அம்மா. நாக்கு சொன்னதை வைத்து ஒருத்தர் பிழைப்பில் கை வைக்கலாமா? கணக்கு வேண்டும்.

பால் புளிப்பது லாக்டிக் அமிலத்தால். சோடா போட்டால் அந்த அமிலம் சோடியம் லாக்டேட் என்ற உப்பாக மாறிவிடும். காரத்தை ஊற்றி அளந்தால் மிச்சமிருக்கும் அமிலம் மட்டும்தான் தெரியும். உப்பானது கணக்கில் வராது. புளிப்பு போகவில்லை, ஒளிந்திருக்கிறது.

ஒளிந்ததைப் பிடிக்க ஒரு வழி, எரிப்பது. வெறும் லாக்டிக் அமிலத்தை எரித்தால் ஒன்றும் மிஞ்சாது. சோடியம் உப்பை எரித்தால் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, வெள்ளைச் சாம்பலாகத் தங்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் வரை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 11.2 மில்லிகிராம் சோடியம் லாக்டேட். ஒரு கிராம் அமில மாதிரிக்கு 5 மில்லி பிடித்தால் 56 மில்லிகிராம், அதாவது 5.6 சதவீதம் உப்பு.

பாலில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. நல்ல பாலிலும் இயற்கையான உப்புகள் உண்டு, அவையும் சாம்பலாகும். அதனால் அங்கே ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: 20 மில்லி பாலின் சாம்பலுக்கு, ஃபினால்ஃப்தலீன் போட்டுப் பார்க்கையில், 1.2 மில்லிக்கு மேல் அமிலம் பிடித்தால் சோடா சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் சுருக்கமான சோதனையும் உண்டு: பாலும் ஆல்கஹாலும் சம அளவு, சில துளி ரோசாலிக் அமிலம். ரோஜா நிறம் வந்தால் சோடா.

கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். 1.9 மில்லி. அம்மா நாக்கு தப்பவில்லை.

பால்காரரிடம் சண்டை போடவில்லை, எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "வெயில்ல திரிஞ்சா என் தலையிலதானே சார் விடியுது" என்றார். நியாயம்தான். ஆனால் சோடா அமிலத்தை மறைக்குமே தவிர, அமிலத்தை உண்டாக்கிய கிருமிகளைக் கொல்லாது. இப்போது ஒரு மணி நேரம் முன்னாலேயே வருகிறார், கேனைச் சுற்றி ஈரச் சாக்கு. அடுத்த மாதம் இன்னொரு தடவை சாம்பல் பார்க்கணும்.