மோதிர விரல் படுத்தும் பாடு

வலது கையை மேஜைமேல் வையுங்கள். நடு விரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். கட்டை விரல் எழும்பும். ஆள்காட்டி விரல் எழும்பும். சுண்டு விரல்கூடச் சொன்ன பேச்சைக் கேட்கும். மோதிர விரல் மட்டும் ‘மாட்டேன்’ என்று படுத்திருக்கும்! அண்டை விரல்களோடு தசைநார்கள் அதைப் பிணைத்திருக்கின்றன.

இப்படி முரண்டு பிடிக்கும் விரல்களால் பியானோ பயின்றவர்கள் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. ஜெர்மனியில் ராபர்ட் ஷூமான் என்ற வாலிபர், விரலுக்குப் பலம் ஏற்ற ஒரு யந்திரத்தை மாட்டிக்கொண்டு பழகினார். 1832-ல் அவருடைய வலது கை விரல் ஒன்று வாசிப்புக்கு உதவாமலே போய்விட்டது. யந்திரந்தான் காரணமா, வேறு வியாதியா என்று வைத்தியர்கள் இன்னும் தர்க்கம் செய்கிறார்கள். பாவம், வித்வானாகும் கனவு போயிற்று. பின்னாளில் அவர் இயற்றியவற்றை மேடையேறி வாசித்துப் புகழ் தேடித் தந்தவர் மனைவி கிளாரா.

1833-ல் பாரிஸில் ஷோப்பன் என்ற போலந்துக்காரர், 12 அப்பியாசப் பாடங்களை வெளியிட்டு லிஸ்ட்டுக்குச் சமர்ப்பித்தார். அப்போது அவருக்கு வயது 23. நான்கு வருஷம் கழித்து இன்னும் 12 வந்தன. அப்பியாசம் என்ற பெயரே தவிர, அத்தனையும் கச்சேரிக்கு உகந்த சங்கீதம்!

முதல் தொகுதியில் இரண்டாவது பாடத்தைப் பாருங்கள். வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கீழே தாளத்துக்குத் துணை போகின்றன. மேலே ஓட வேண்டியவை மீதி மூன்றும். சாதாரணமாக இத்தகைய ஓட்டத்தில் கட்டை விரல் அடியில் நுழைந்து கைகொடுக்கும். இங்கே அதற்கு ஒழிவில்லை. ஆகவே நடு விரல், மோதிர விரலையும் சுண்டு விரலையும் தாண்டித் தாண்டிப் போகிறது. விநாடிக்கு 9 சுரங்களுக்கு மேல். அதுவும் காதோடு பேசுகிற மென்மையில்!

பெர்லின் விமரிசகர் ரெல்ஸ்டாப்புக்கு இது பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு ரணசிகிச்சை டாக்டர் இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள் என்று கேலி செய்தார்.

ஆனால் விரல்களை வதைப்பது ஷோப்பனின் கொள்கையே அல்ல. விரல்களெல்லாம் சம பலம் பெறவேண்டும் என்று மற்ற ஆசிரியர்கள் மல்லுக்கட்ட, அவரோ ஒவ்வொரு விரலுக்கும் தனிக் குணம் உண்டு, அதன் அழகைக் கெடுக்காதீர்கள் என்றார். நீண்ட விரல்கள் மேடான கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்வதால், அந்த ஸ்தாயிகளிலிருந்தே பாடம் ஆரம்பித்தார். கறுப்புக் கட்டையே இல்லாத வரிசைதான் கைக்குக் கஷ்டம் என்பது அவர் கட்சி.

தினம் ஆறு மணி நேரம் சாதகம் செய்வதாகச் சொன்ன ஒரு மாணவியிடம் அவருக்கு வந்ததே கோபம்! மூன்று மணிக்கு மேல் பியானோ பக்கமே போகக்கூடாதென்று தடை போட்டுவிட்டார்.